ஈரச் சுவருக்கு அவசரப் பூச்சு வேண்டாம்

வீட்டு நலம்



இம்மாதம் திம்புள்ளயிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்கிறோம். அவர் எழுதுகிறார்:

"எங்கள் வீடு கடையின் பின்னால் இருக்கிறது. 2025 நவம்பர் வெள்ளத்தில் பின்பக்க ஓடை பெருகி முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தது. இரண்டு நாள் நின்று வடிந்தது. சேற்றை அள்ளினோம். பெருநாளுக்குள் வீடு வீடாக இருக்க வேண்டும் என்று இவர் ஒரே மாதத்தில் பூச்சுப் பூசி, பெயின்டும் அடித்துவிட்டார். இப்போது அலுமாரிக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளி. துடைத்தால் போகிறது, ஒரு கிழமையில் திரும்பி வருகிறது. சின்ன மகன் இரவெல்லாம் இருமுகிறான். நான் ஜன்னல் திறப்பதில்லை, வீட்டைக் கவனிப்பதில்லை என்று மாமி சொல்கிறார். என்ன செய்வது?"

இந்தக் கடிதம் ஒரு வீட்டுக் கடிதம் அல்ல. டித்வா புயல் வந்த அந்த நவம்பர் இறுதி வாரத்தில் நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மிக மோசமாக அடிபட்டன. மண்சரிவில் உறவுகளையே இழந்தவர்களுக்கு முன்னால் சுவரில் பூத்த கறுப்பைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிர் தப்பியவர்கள் திரும்பிப் போய்ப் படுப்பது அந்த வீட்டில்தான். தண்ணீர் ஒரு இரவில் வந்து இரண்டு நாளில் வடிந்துவிடும். சுவருக்குள் போன தண்ணீர் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். அதைப் பூசி மூடினால் அது வீட்டிலுள்ளோரின் மூச்சுக்குள் போகும். ஆகவே இந்தப் பக்கத்தில் சொல்லப்போவது ஒரே விஷயம்தான்: முதலில் காய வையுங்கள், பிறகு பூசுங்கள்.

பூஞ்சணம் எங்கிருந்து வருகிறது?

பூஞ்சணம் என்று நாம் சொல்வதைப் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகம் பங்கசு என்கிறது. அதன் வித்திகள் கண்ணுக்குத் தெரியாத தூசியாக எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு. அவை முளைக்க இரண்டு பொருள் போதும். ஒன்று உணவு. மரம், கடதாசி, துணி, தும்பு, ஹார்ட்போர்ட், சுவரில் படிந்த அழுக்கு, பெயின்டின் மேற்படை எல்லாம் அதற்கு உணவுதான். மற்றது ஈரம். உணவை வீட்டிலிருந்து அகற்ற முடியாது. வித்திகளையும் அகற்ற முடியாது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் அதில் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரை 2005இல் கத்ரினா சூறாவளி மூழ்கடித்தது. அந்த அக்டோபரில் சுகாதார அதிகாரிகள் 112 வீடுகளைப் பார்வையிட்டபோது 46 சதவீத வீடுகளில் கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணம் இருந்தது. பணக்கார நாடு, வெயில் சுடும் ஊர். அங்கேயே அப்படி என்றால், பனி மூடும் நம் மலைநாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மலைக்கும் அதற்கும் பழைய கணக்கு

திம்புள்ளப் பக்கம் இருப்பவர்களுக்குப் பூஞ்சணத்தின் பலம் புதிதல்ல. இந்த மலைகளில் ஒரு காலத்தில் கோப்பிதான் இருந்தது. 1869இல் கோப்பி இலையில் துரு நிறத்தில் ஒரு பூஞ்சண நோய் கண்டது. சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. தேயிலையையும் அது விட்டுவைக்கவில்லை. 1946இல் கொப்புள நோய் வந்தது. மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் இளங்கொழுந்தில் கொப்புளம் போடும் அந்த நோயும் ஒரு பூஞ்சணந்தான். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதே போல, ஈரத்தை எடுப்பது எப்படி என்பதையும் நமக்குத் தேயிலைத் தொழிற்சாலையே சொல்லித் தந்திருக்கிறது. பறித்த கொழுந்தை முதலில் வாட்டுகிறார்கள். நெருப்பில் போட்டல்ல, காற்றை ஊடாக விட்டு. பழைய தொழிற்சாலைகளின் மேல்மாடிகளில் வரிசை வரிசையாக ஜன்னல்கள் இருப்பது இதற்காகத்தான். கடைசியில் தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே ஈரம் நிற்கும்படி காய வைத்துத்தான் பெட்டியில் அடைக்கிறார்கள். ஈரத்தோடு அடைத்தால் தேயிலை பூத்துப்போகும். வீடும் அப்படித்தான். ஈரத்தோடு அடைத்தால் பூக்கும்.

முதல் இரண்டு நாட்கள்

தண்ணீர் வடிந்ததும் உள்ளே ஓடாதீர்கள். வீட்டின் பின்மேட்டில், சுவரில், முற்றத்தில் புதிய வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மரங்கள் சாய்ந்திருந்தாலோ, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பி இருந்தாலோ அந்த வீட்டில் துப்புரவு வேலையே வேண்டாம். கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். மண்சரிவு அபாயத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது.

மெயின் சுவிட்சை அணையுங்கள். அதைத் தொடக்கூட ஈரத்தில் நிற்க வேண்டி இருந்தால் தொடாதீர்கள், மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். எதையும் வெளியே வீசுமுன் அறை அறையாகப் படம் எடுத்து வையுங்கள். நட்டஈட்டுக்கு அது தேவைப்படும்.

காலில் சப்பாத்து, கையில் கையுறை, முகத்தில் நன்றாக ஒட்டி நிற்கும் முகக்கவசம் அவசியம். துணிக்கவசம் வித்திகளைத் தடுக்காது, என்95 எனப்படும் வகைதான் உதவும். வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சல் அபாயமும் உண்டு. காலில் புண் உள்ளவர்கள் இறங்காதீர்கள். தடுப்பு மருந்து வேண்டுமா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள், முட்டு வருத்தம் உள்ளவர்கள், வயோதிபர், பிள்ளைகள் இந்த வேலைக்குக் கிட்ட வரக்கூடாது. அவர்களை உறவு வீட்டில் விடுங்கள்.

சேறு ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும். காய்ந்தால் கல்லாகும், தூசியாகப் பறக்கும். பிறகு சுத்தமான தண்ணீரும் சலவைத்தூளும் போட்டு மேலிருந்து கீழாகத் தும்புத்தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். இப்போதுதானே தண்ணீரிலிருந்து தப்பினோம், மறுபடியும் தண்ணீரா என்று தோன்றும். சேறுதான் பூஞ்சணத்தின் சாப்பாடு. அதை விட்டுவிட்டுக் காய வைத்துப் பயனில்லை.

எதை வைப்பது, எதை விடுவது?

இதுதான் பெண்களுக்கு மனம் கனக்கும் இடம். சீர் வந்த மெத்தை, உம்மா தந்த கம்பளம். ஆனால் பஞ்சு மெத்தை, ஸ்பொஞ்ச், தும்பு மெத்தை, தலையணை, கம்பளம், ஹார்ட்போர்ட் சீலிங், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலுமாரி ஆகியவை வெள்ளத்தில் ஊறிவிட்டால் உள்ளே காயாது. வெளியே காய்ந்தது போலக் காட்டும். அவற்றை விட்டுவிடுங்கள். பலா, தேக்கு போன்ற முழுமரத் தளபாடம், இரும்பு, கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக் ஆகியவற்றைக் கழுவிக் காய வைத்து வைத்துக்கொள்ளலாம். மரத் தளபாடத்தை நேர்வெயிலில் போடாமல் நிழலில் காற்றில் வையுங்கள். இல்லாவிட்டால் வெடிக்கும். இழுப்பறைகளைக் கழற்றுங்கள், அலுமாரியின் பின்பலகையையும் கழற்றுங்கள். உடுதுணியைச் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போட்டால் போதும். தொழுகை விரிப்பும் அப்படியே.

தரையில் லினோலியம் விரித்திருந்தால் முழுவதையும் உரித்து எடுங்கள். அதன் கீழே நிற்கும் தண்ணீருக்கு வெளியே போக வழியே இல்லை.

நனைந்த குர்ஆன் பிரதிகளைப் பற்றிப் பல சகோதரிகள் கலங்குகிறார்கள். கலங்க வேண்டாம். ஈரத்தாள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க முயன்றால் கிழியும். நூலை நிமிர்த்தி வைத்து விசிறி போல லேசாக விரியுங்கள். சில தாள்களுக்கு ஒரு தடவை அச்சில்லாத, தண்ணீர் உறிஞ்சும் வெள்ளைக் கடதாசியை இடையில் வைத்து, அது நனைந்ததும் மாற்றுங்கள். மின்விசிறிக் காற்று அறையில் சுற்றட்டும், நேராகத் தாளில் அடிக்க வேண்டாம். உடனே செய்ய நேரமில்லையா? சுத்தமான பொலித்தீனில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். பூஞ்சணம் முளைக்காது. ஆறுதலாக எடுத்துக் காய வைக்கலாம். நிக்காஹ் பதிவு, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பழைய படங்களுக்கும் இதே முறைதான். மீட்க முடியாத பிரதியைக் கண்ணியமாக அடக்கும் முறையை ஊர் ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள்.

காய வைப்பதும் ஒரு வேலை

கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவது காய வைப்பதல்ல. எந்நேரமும் ஜன்னலைத் திற என்பதும் மலைநாட்டுக்குப் பொருந்தாத புத்திமதி. காலை பத்து மணிக்குப் பின் வெயில் ஏறியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றை ஊடாக ஓட விடுங்கள். பின்னேரம் பனிமூட்டம் இறங்கத் தொடங்கியதும் மூடுங்கள். பனிக்காற்று உள்ளே வந்தால் குளிர்ந்த சுவரில் தண்ணீராக ஒட்டும். தேயிலைத் தொழிற்சாலையில் ஜன்னல் திறந்து மூடும் கணக்கும் இதுவே.

மின்விசிறி இருந்தால் ஒரு ஜன்னலில் வெளியே பார்த்து வையுங்கள். உள்ளே இருக்கும் ஈரக்காற்றை அது வெளியே தள்ளும். சுவரில் ஏற்கெனவே பூஞ்சணம் தெரிந்தால் மட்டும் விசிறியை அதன்மேல் திருப்பாதீர்கள். வித்திகளை வீடு முழுக்கத் தூவுவதாகும். தளபாடங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அறையைச் சூடாக்க மண்ணெண்ணெய் அடுப்பையோ காஸ் அடுப்பையோ பற்றவைக்காதீர்கள். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது. ஈரத்தை விரட்டப் போய் ஈரத்தை அழைக்கிறோம். தணல்சட்டியை மூடிய அறையில் வைத்துத் தூங்குவது அதைவிட ஆபத்து. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் வாயு மணமில்லாமல் உயிரை வாங்கும். புகைக்கூடு உள்ள விறகடுப்பு நல்லது. அது புகையையும் ஆவியையும் மேலே கொண்டுபோய்விடும்.

எவ்வளவு காலம் பிடிக்கும்? கட்டட வேலைக்காரரிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம். ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் இரண்டு பக்கமும் காற்றுப் பட்டால் நாலைந்து மாதம். ஒரு பக்கம் மட்டும் என்றால் அதைவிட நெடுங்காலம். மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். ஒரே மாதத்தில் பூசியது ஏன் பிழைத்துப் போனது என்பது இப்போது விளங்கும்.

திம்புள்ளக்கு அல்லாஹ் கொடுத்த ஒரு வசதி இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தப் பள்ளத்தாக்கில் உலர்ந்த காற்று வீசும். திம்புள்ளத் தேயிலையின் மிகச் சிறந்த மணம் அந்த மாதங்களில்தான் வருகிறது. கொழுந்துக்கு நல்ல அந்தக் காற்று சுவருக்கும் நல்லது. தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்குமுன் அந்த மூன்று மாதத்தையும் சுவர் காய விடுங்கள். அதைப் பூச்சுக்குள் பூட்டி வீணாக்காதீர்கள்.

சுவர் காய்ந்ததா என்று அறிவது எப்படி?

கையால் தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். வெளித்தோல் காய்ந்திருக்கும், உள்ளே ஊறியிருக்கும். ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு கண்ணாடிப் பொலித்தீனை வெட்டி, சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் பொலித்தீனின் உட்பக்கம் நீர் முத்துக்கள் இருந்தாலோ, அந்த இடத்துச் சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. தரைக்குக் கிட்ட ஓர் இடம், வெள்ளக்கோட்டுக்கு மேலே ஓர் இடம், மூலையில் ஓர் இடம் என்று பாருங்கள். சுவர் தண்ணீரை விளக்குத்திரி போல மேலே இழுக்கும். தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஓரடி மேலேயும் ஈரம் இருக்கும். எல்லா இடமும் காய்ந்த பிறகே மேசன் பாஸைக் கூப்பிடுங்கள்.

காயும் சுவரில் சில வேளை வெள்ளையாகப் பஞ்சு போல ஒன்று பூக்கும். அது பெரும்பாலும் உப்பு, பூஞ்சணமல்ல. ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். உப்பு கரைந்துவிடும், பூஞ்சணம் கரையாது. உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்தால் போதும். அது சுவர் காய்ந்துகொண்டிருப்பதன் அடையாளம், பயப்பட ஒன்றுமில்லை.

சீமெந்தா, சுண்ணாம்பா?

நம் கடைவீதிப் பழைய வீடுகளும் தோட்டத்து லயங்களும் பல கல்லும் சுண்ணாம்பும் மண்ணும் வைத்துக் கட்டியவை. அந்தச் சுவர் மூச்சு விடும் சுவர். நனைந்தால் காற்றில் மெல்லக் காயும். அதன்மேல் கனமாகச் சீமெந்து பூசி, எனாமல் பெயின்டோ தண்ணீர் புகாத பெயின்டோ அடித்தால் சுவருக்கு மழைக்கோட்டு போட்டது போலாகும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வராது. பின்னர் பெயின்ட் கொப்புளித்து உரியும்.

பெருநாளுக்கு வீடு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அதற்கு வழி இருக்கிறது. பழைய பெயின்டைச் சுரண்டிக் கழுவிய வெறுஞ்சுவரில் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை மறிக்காது, சுவர் தொடர்ந்து காயும். அதன் காரத்தன்மையில் பூஞ்சணம் எளிதில் முளைக்காது. செலவும் குறைவு. நம் பாட்டிமார் பெருநாளுக்குப் பெருநாள் சுண்ணாம்பு அடித்ததில் அறிவு இருந்திருக்கிறது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண்ணைப் பழுதாக்கும். நீற்றும்போதும் அடிக்கும்போதும் கண்ணை மறையுங்கள், பிள்ளைகளை விலக்குங்கள். பெயின்ட் வேலை அடுத்த வருடப் பெருநாளுக்கு இருக்கட்டும்.

பின்சுவரைப் பாருங்கள்

மலைநாட்டு வீட்டின் நோய் பெரும்பாலும் பின்சுவரில்தான். மேட்டை வெட்டி வீடு கட்டுகிறோம். மேட்டு மண் பின்சுவரில் சாய்ந்து நிற்கும், அல்லது இடையில் உள்ள கான் சருகும் சேறும் அடைத்துக் கிடக்கும். வெள்ளம் இல்லாத நாளிலும் அந்தச் சுவர் மண்ணிலிருந்து ஈரம் குடிக்கிறது. கானைத் துப்புரவாக்குங்கள். சுவரோரம் சரிந்து விழுந்த மண்ணை அகற்றுங்கள். கூரைப் பீலியின் தண்ணீர் சுவரடியில் விழாமல் தள்ளி விழச் செய்யுங்கள். ஆனால் மேட்டின் அடியைப் புதிதாக வெட்டாதீர்கள். ஈரச் சுவருக்குப் பரிகாரம் தேடப்போய் மேட்டையே இறக்கிக்கொள்வோம். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முன்சொன்ன தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையோடு செய்யுங்கள்.

பூத்துவிட்டால் என்ன செய்வது?

மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் என்றால் வீட்டாரே துடைக்கலாம். அதற்கு மேல் என்றால் தெரிந்த வேலையாளை வைத்துச் செய்வது நல்லது. காய்ந்தபடியே தேய்க்காதீர்கள், வித்தி பறக்கும். முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் துணியை முக்கித் துடையுங்கள். அந்தத் துணியைப் பையில் கட்டி வெளியே போடுங்கள். பிறகு அந்த இடத்தை உடனே காய வையுங்கள்.

பிளீச் போட்டால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஓடு, பீங்கான், சீமெந்துத் தரை போன்ற கடினமான இடத்துக்கு அது உதவும். நான்கு லீற்றர் தண்ணீருக்கு ஒரு கோப்பை, அதாவது சுமார் 240 மில்லிலீற்றர், அதற்கு மேல் வேண்டாம். மரத்துக்குள்ளும் பூச்சுக்குள்ளும் வேரோடியதை அது எட்டாது. நிறம் மட்டும் வெளுக்கும். பிளீச்சோடு கழிவறை கழுவும் அமிலத்தையோ வினாகிரியையோ அமோனியா சேர்ந்த திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

அஸ்பெஸ்டோஸ் கூரைத்தகடு, சீலிங் உள்ளவர்கள் அதைக் காய்ந்தபடி சுரண்டவோ, தேய்க்கவோ, உடைக்கவோ கூடாது. அதன் நார்த்தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. நனைத்து, மென்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

திம்புள்ளச் சகோதரிக்கு

மகனை முதலில் அந்த அறையிலிருந்து மாற்றுங்கள். வைத்தியரிடம் காட்டும்போது வீட்டில் வெள்ளம் வந்ததையும் சுவர் பூத்திருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் வெறும் தடிமன் என்று மருந்து தந்து அனுப்பக்கூடும். அலுமாரியை நடு அறைக்கு இழுங்கள். வெள்ளக்கோட்டுக்கு ஓரடி மேல் வரை பெயின்டைச் சுரண்ட வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே நனைத்துச் சுரண்டுங்கள். பூச்சை விரலால் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்துப் பூச்சைக் கொத்தி எடுத்துவிடுங்கள். பின்பக்கக் கானைச் சரிசெய்யுங்கள். பிறகு மேலே சொன்னபடி காயவிட்டு, பொலித்தீன் வைத்துப் பார்த்து, சுண்ணாம்பு அடியுங்கள். செய்த செலவு வீணாகிறதே என்று உங்கள் கணவருக்கு வருத்தமாக இருக்கும். சுவருக்குள் ஈரம் இருக்கும் வரை எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அத்தனையும் வீண் என்பதை அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.

குற்றம் யாருடையது?

கடிதத்தில் நம் மனதைத் தைத்தது கடைசி வரிதான். சுவர் பூத்தால் பெண்ணைக் குற்றம் சொல்வது நம் ஊரில் மட்டும் உள்ள பழக்கமல்ல. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் சூடானிலிருந்து சென்ற ஒரு முஸ்லிம் குடும்பம் ஓர் அறை வாடகை வீட்டில் வாழ்ந்தது. வீட்டில் பூஞ்சணம் என்று தகப்பன் 2017இல் முறையிட்டார். மேலே பெயின்ட் அடியுங்கள் என்று பதில் வந்தது. பூஞ்சணம் போகவில்லை. அவர்கள் குளிக்கும் முறையும் வாழும் முறையும்தான் ஈரத்துக்குக் காரணம் என்று வீட்டுக்குப் பொறுப்பானவர்கள் ஊகித்துக்கொண்டார்கள். 2020 டிசம்பரில், இரண்டு வயது நிறைந்த சில நாட்களில், அந்த வீட்டுப் பிள்ளை அவாப் இஸ்ஹாக் மூச்சுத்திணறி இறந்தான். நீண்ட காலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் வந்த நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தப் பிள்ளையின் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் 2025 அக்டோபரில் அங்கே நடைமுறைக்கு வந்தது. சமூக வாடகை வீடுகளில் கடுமையான ஈரமும் பூஞ்சணமும் இருப்பதாக முறையிட்டால், பொறுப்பானவர்கள் 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். உயிராபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள்.

உளூச் செய்வதாலும் குளிப்பதாலும் சுவர் பூப்பதில்லை. ஓடாத கானும், ஒழுகும் கூரையும், காயுமுன் பூசிய பூச்சுமே காரணம். சுத்தத்தை ஈமானோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்தச் சுத்தத்தின் பொறுப்பைப் பெண்ணின் கையிலுள்ள விளக்குமாற்றில் மட்டும் தொங்கவிடக் கூடாது. மாமிமாரே, மருமகளோடு சேர்ந்து ஒரு நாள் அந்தப் பின்சுவரைப் போய்ப் பாருங்கள். வாடகை வீடானால் சொந்தக்காரருக்கும், தோட்ட வீடானால் நிர்வாகத்துக்கும் திகதியோடு எழுத்தில் அறிவியுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு மழையோடு போய்விடும்.

உதவ நினைப்போருக்கு

வெள்ளம் என்றதும் நம் ஜமாஅத்துகள் ஓடி வருகின்றன. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. ஒரு சிறு வேண்டுகோள். முதல் மாதத்திலேயே சீமெந்தும் பெயின்டும் கொடுத்தால் வாங்கியவர் உடனே பூசத்தான் பார்ப்பார். முதலில் சப்பாத்து, கையுறை, முகக்கவசம், வாளி, தூரிகை, சலவைத்தூள் கொடுங்கள். பள்ளிவாசலில் நாலைந்து மின்விசிறிகளை வைத்து வீட்டுக்கு வீடு முறைபோட்டு இரவல் கொடுங்கள். காய்ந்த பாய், தலையணை கொடுங்கள். பூச்சுக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்து, சுவர் காய்ந்த பிறகு கொடுங்கள். உதவி உரிய காலத்தில் போய்ச் சேர்வதும் அமானிதம்தான்.

சகோதரிகளே, வெட்டிவைத்துக்கொள்ள ஒரு சுருக்கம்:

1. மேடும் மின்சாரமும் பாதுகாப்பா என்று பார்த்த பிறகே உள்ளே போங்கள்.
2. சேற்றை ஈரமாக இருக்கும்போதே அகற்றிக் கழுவுங்கள்.
3. ஊறிய மெத்தை, கம்பளம், ஹார்ட்போர்ட் ஆகியவற்றை விடுங்கள்.
4. வெயிலில் ஜன்னலைத் திறவுங்கள், பனியில் மூடுங்கள்.
5. பொலித்தீன் வைத்துப் பார்க்காமல் பூசாதீர்கள்.
6. பெருநாளுக்குச் சுண்ணாம்பு, பிறகு பெயின்ட்.
7. இருமும் பிள்ளையை ஈர அறையில் படுக்க வைக்காதீர்கள்.

வீடு இழந்தோருக்கு நல்ல வீட்டையும், உறவை இழந்தோருக்கு அழகிய பொறுமையையும், நம் பிள்ளைகளுக்கு நோயற்ற மூச்சையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.